வானத்திலிருந்து நீரோட்டம் பார்க்கிறவள்

தினமும் காலையில் நான் விமானத்தைக் கிளப்புவதற்கு முன்னால் ஒருவர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு, ஓடுபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போய்வர வேண்டும். கங்காருக்களை விரட்டுவதற்காக. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மதுக்கடை, ஒரு மோட்டல், ஒரு ஓடுபாதை ஆகியவற்றைச் சேர்த்து ஊர் என்று பெயர் வைத்திருக்கும் ஓர் இடத்தில் இப்போது இருக்கிறேன். குளிருக்கு இதமாகத் தார்ப்பாதையில் வந்து படுக்கும் கங்காருக்கள் விடிந்த பிறகும் எழுந்திருப்பதில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள், கார் வந்தால் எழுந்து வழிவிட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்களோ அவ்வளவு நேரத்தை இவையும் எடுத்துக்கொள்ளும்.

விரட்டுகிறவர் உள்ளூர் நகரசபை ஊழியர். விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவதும் அவர்தான். முதல் நாள் என்னைப் பார்த்தவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பைலட் எப்போது வருவார்?" என்று கேட்டார். வந்தாகிவிட்டது என்றேன். சிரித்து, மன்னிப்புக் கேட்டு, "குட் ஆன் யூ" என்றார். நம்ம 'சபாஷ்' மாதிரி, இந்த நாட்டில் நாளுக்கு நாலு தடவை காதில் விழும் வார்த்தை அது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் என்னைப் போன்ற ஒருத்தியிடம் சொல்லும்போது அதன் அடியில் 'அட, நீ கூடவா' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுக்கு வந்த எல்லாருக்கும் அந்த ஒட்டு தெரியும். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், வெள்ளைக்காரன் நம்மை மதிப்பதில்லை என்று நான் புலம்பப் போவதாக நினைக்க வேண்டாம். அதற்கெல்லாம் தோல் தடித்துவிட்டது. என் புலம்பல் உங்களைப் பற்றித்தான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த வம்பெல்லாம் அதிலிருந்து கிளம்பியதுதான். என்னுடையது ஒற்றை எஞ்சின் விமானம். அதன் மூக்கிலிருந்து இறக்கை நுனிக்கும், அங்கிருந்து வாலுக்கும், மறு இறக்கை வழியாக மறுபடி மூக்குக்கும் ஒரு தடித்த கம்பியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். துணி காயப்போடும் கொடியோடு பறப்பது போலிருக்கும். அந்தக் கம்பியில் மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்துவார்கள். பின்னால் கேபிளில் தொங்கிக்கொண்டு வரும் ஒரு கருவி, பூமிக்குள்ளிருந்து வரும் பதிலைப் பிடித்துப் பதிவு செய்யும். பாறை ஒரு மாதிரியும், களிமண் ஒரு மாதிரியும், நல்ல தண்ணீர் ஒரு மாதிரியும், உப்புத் தண்ணீர் ஒரு மாதிரியும் பதில் சொல்லும் என்பது அறிவியல். என் பங்கு, மரத்து உச்சிக்குக் கொஞ்சம் மேலே, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், ஒரு கோடு விலகாமல் போவது. கோடு முடிந்ததும் திரும்பிப் பக்கத்துக் கோட்டில் வருவது. உழவு ஓட்டியவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஒரு சால் போய், திரும்பி, அடுத்த சால். கண் எப்போதும் எதிரே இருக்கும் திரையிலும், எங்கிருந்தாவது குறுக்கே வரும் மின்கம்பியிலும்தான் இருக்கும். கீழே இருக்கும் நிலத்தை நான் பார்ப்பதே இல்லை.

பதிவானதை எடுத்துப் பின் இருக்கையில் இருக்கும் ஜோஷ் என்ற பையன் நகரத்துக்கு அனுப்புவான். அங்கே படித்தவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, வண்ணம் வண்ணமாக ஒரு வரைபடம் செய்வார்கள். அது அரசாங்கத்துக்குப் போகும். அதை இதுவரை எனக்கு யாரும் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை. நான் பறந்த நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. கொரியர் கொண்டுவரும் ஆளுக்குப் பார்சலுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியுமா? அப்படித்தான். இந்தச் சின்ன விஷயத்தை என் கூடப் பிறந்தவனுக்குப் புரியவைக்க முடியாமல்தான் இந்த வருஷ விடுமுறை நாசமாகப் போனது.

எடப்பாடிக்கும் சங்ககிரிக்கும் நடுவில் எங்கள் ஊர். காவிரி பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் எங்கள் மேட்டுக்கு ஏறி வராது. போர் போட்டால்தான் தண்ணீர். அப்பா திருச்செங்கோட்டுக்காரர்களோடு சேர்ந்து போர் போடும் ரிக் வண்டித் தொழில் செய்தவர். இரண்டு வண்டிகள் வைத்திருந்தார். ராஜஸ்தானிலும் மராட்டியத்திலும் மாதக்கணக்கில் பூமியைத் துளைத்துவிட்டு நோம்பி, பண்டிகைக்கு ஊருக்கு வருவார். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும் அண்ணனும் நானும் ஓடுவோம். அண்ணனைத் தூக்கி வண்டியின் மேல் உட்காரவைப்பார்கள். நான் ஏறப் போனால், "பொட்டப்புள்ள வண்டி மேல ஏறக்கூடாது சாமி" என்று வேலைக்காரர்கள் இறக்கிவிடுவார்கள். பாறையைக் குடையும் இரும்பு முனைக்கு பிட் என்று பெயர். அதைப் பெண் பிள்ளை தாண்டினால் அடுத்த துளையில் அது சிக்கிக்கொள்ளும் என்று அப்பாவின் வண்டியில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு தடவை தெரியாமல் தாண்டிவிட்டேன். அம்மா அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் எந்த போருக்குத் தண்ணீர் வராமல் போனாலும் எனக்குப் பயமாக இருக்கும்.

அதே அப்பாதான், நான் விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்று அடம் பிடித்தபோது, ஒரு வண்டியை விற்றுப் பணம் கட்டினார். அந்த வண்டி அண்ணனுக்கு என்று வீட்டில் பேச்சு இருந்தது. அண்ணன் அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்து முடித்தேன், இந்தியாவில் வேலை கிடைக்கவில்லை, இங்கே வந்தேன். பாராசூட்டில் குதிக்கிறவர்களை மேலே ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும் வேலை, வயலுக்கு மருந்தடிக்கும் கம்பெனியில் வேலை என்று அலைந்து கடைசியில் இந்த ஆய்வு விமானத்தில் உட்கார்ந்தேன். இதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது வண்டியும் போய்விட்டது. அண்ணன் இருக்கிற தோட்டத்தை வைத்துக்கொண்டு விவசாயம் பார்க்கிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னை என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. விருந்தாளி என்று உட்காரவைக்கவும் முடியாது, வீட்டுப் பெண் என்று வேலை சொல்லவும் முடியாது.

இந்தத் தடவை போனபோது தோட்டம் காய்ந்து கிடந்தது. தென்னை மரங்கள் மட்டை எல்லாம் மடிந்து தொங்க நின்றன. சில மரங்களுக்குத் தலையே இல்லை. மரவள்ளி முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தது. போர்கள் ஒவ்வொன்றாக வற்றி, கடைசியாக ஓடிக்கொண்டிருந்ததும் குடத்துக்கு மட்டும் தண்ணீர் தந்தது. அண்ணன் இன்னொரு போர் போட முடிவு செய்திருந்தான். அதுவும் பொய்த்துவிட்டால் தோட்டத்தைக் கோழிப் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டு அவன் பனியன் கம்பெனிக்கு மேஸ்திரி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அம்மா சொன்னாள். ஐம்பதை நெருங்குகிறவன், பிறந்ததிலிருந்து யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. அவனை அப்படி நினைத்துப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் பேச்சை எடுத்தான்.

"பாப்பா, நீ அங்க செய்யறது தண்ணி பாக்கற வேலதான?"

"ஆமாங்ண்ணா. ஆனா நான் ஏரோப்ளேன் ஓட்டறது மட்டுந்தான்."

"ஊரான் நெலத்துக்கெல்லாம் மேல இருந்து பாத்துச் சொல்றே. நம்ம நெலத்துக்கு ஒரு பாயிண்ட் காட்ட மாட்டியா?"

"நான் பாக்கறதில்லீங்ண்ணா. மெசினு பாக்குது. அதுல என்ன வந்திருக்குதுன்னு எனக்கே தெரியாது."

"இத்தன வருசம் பாத்த பழக்கத்துல ஒரு இதுன்னு இருக்குமல்ல?"

"இல்லீங்ண்ணா."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு, "சரி, பயணக் களப்பு. நாளைக்கு நடந்து பாத்துட்டுச் சொல்லு" என்று எழுந்து போனான். அப்புறம்தான் தெரிந்தது, நீரோட்டம் பார்க்கிற ஆளை அவன் இந்த முறை கூப்பிடவே இல்லை. வழக்கமாக ஒருவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் கல்லை நட்டுவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போய்விடுவார். "நம்மூட்டுலயே ஆளு இருக்கறப்ப வெளியாளு எதுக்கு?" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். ரிக் வண்டிக்கும் சொல்லிவைத்தாகிவிட்டது. பிட்டைத் தாண்டியதற்கு அடி வாங்கியவளுக்கு இப்போது தேங்காய்க்காரரின் உத்தியோகம். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நான் தோட்டத்துக்குள் கால் வைத்தால் பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர், பால் ஊற்றப் போகிறவர், ரிக் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். நான் நின்றால் நின்றார்கள். நான் தென்னையை அண்ணாந்து பார்த்தால் அவர்களும் பார்த்தார்கள். நிலத்தடி நீர் படித்தவர்கள் சேலத்தில் இருப்பார்கள், மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், அவர்களைக் கூப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களும் தண்ணீர் இருக்கலாம் என்றுதான் சொல்வார்கள், இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இதை நான் சொல்லியிருக்கக்கூடாது. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பெரியப்பா வந்தார். வீட்டுக்குள் உட்காரவைத்து எல்லார் முன்னாலும் கேட்டார். "தெரியாதுங்கறது ஒரு பதிலா சாமி? கவர்மெண்டு உனக்குச் சும்மாவா சம்பளம் குடுக்குது?" கவர்மெண்ட் இல்லை, தனியார் கம்பெனி என்றேன். "தனியார்காரன் கவர்மெண்ட்டவிட உசாராச்சே, அவன் தெரியாத ஆளுக்கா குடுப்பான்?" என்றார். கூட்டத்தில் தலைகள் ஆடின. விமானப் பயிற்சியில் முதலில் மண்டையில் ஏற்றும் பாடம், தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்ல வேண்டும் என்பது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் ரேடியோவில் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ஊகித்து ஓட்டினால் மலையில்தான் போய் முடியும். அந்தப் பாடத்தை எடப்பாடிப் பக்கத்தில் பேசிப் பார்த்தால் தெரியும்.

இதில் எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துப் பெண்கள் காலங்காலமாகத் தெரியாது என்று சொல்லிப் பழகியவர்கள். நிலம் எவ்வளவு, வண்டிக்கு யார் டிரைவர், எந்த போரில் எத்தனை அடியில் தண்ணீர், எதைக் கேட்டாலும் என் அம்மா, "எனக்கென்னுங்க தெரியும், அவங்களத்தான் கேக்கோணும்" என்பாள். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்றாள், எல்லாரும் நம்பினார்கள். நான் தெரியாததைத் தெரியாது என்றேன், ஒருத்தர்கூட நம்பவில்லை.

அப்புறம் வரவேண்டியது வந்தது. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, நான் காதில் வாங்கும்போது ஊரே பேசிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் எனக்குப் பங்கு இருக்கிறது. அப்பா எழுதிவைக்காமல் போனதால் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமபங்கு. எங்கள் பக்கம் பெண்கள், கூடப் பிறந்தவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது வழக்கம்; அதைச் செய்யாதவளைப் பார்த்து மற்ற பெண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் வெளிநாட்டில் இருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. தண்ணீர் வந்துவிட்டால் அண்ணன் தோட்டத்தை விற்க மாட்டான், விற்காவிட்டால் எனக்குப் பங்கு வராது, அதனால்தான் அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இதுதான் ஊர் கண்டுபிடித்த காரணம்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அண்ணனிடம் போய், நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வா, பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எனக்கு ஒரு பிடி மண் வேண்டாம் என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் இன்னும் இருண்டுபோனது.

"இவ்வளவு லேசா எழுதிக் குடுக்கறேங்கறியே, அப்ப அடியில ஒன்னுமே இல்லீன்னு உனக்குத் தெரிஞ்சுதான் போச்சு."

கையெழுத்துப் போடாவிட்டால் தண்ணீர் இருப்பதை மறைக்கிறேன். போட்டால் தண்ணீர் இல்லாததை மறைக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தெரியும். நான் அதிலிருந்து வெளியே வர ஒரு வழியும் அவன் விட்டுவைக்கவில்லை. அப்போதுதான் அவன் இத்தனை வருஷம் சொல்லாததையும் சொன்னான். "ஒரு வண்டிய வித்து உன்னைய மேல ஏத்துனோம். மேல இருந்து ஒரு எடத்தக் காட்டறதுக்கு உனக்கு மனசு வரல." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். அழுதானோ வேர்வையோ, நான் பார்க்கவில்லை. நான் பார்க்க விரும்பவில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். என் நங்கை நல்லவள். போர் பூஜைக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று என்னைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டிலிருந்து என்னை வெளியே கொண்டுபோகத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்து மனம் இளகிப் போனேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவில் கற்பூரம், மஞ்சள், சாம்பிராணி எல்லாம் வாங்கினோம். ஒரு கடையில் ஜூஸ் குடிக்க உட்கார்ந்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் பக்கம் குனிந்தாள்.

"அம்மிணி, அவருகிட்ட வேண்டா. எனக்காச்சும் சொல்லுங்க. நான் சொன்னதாவே இருக்கட்டும், உங்க பேரு வராது."

"எனக்கு நெசமாவே தெரியாதுங்க நங்கை."

"சரிங்க" என்றாள். கோபம் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஊரே நம்பாததைவிட அந்த ஒரு 'சரிங்க' எனக்கு அதிகமாக வலித்தது.

என் விடுமுறை முடிந்தது. ரிக் வண்டி நான் கிளம்பிய பிறகு வருவதாக ஏற்பாடு. முன்னாலேயே வந்திருக்கலாம், அண்ணன் தள்ளிவைத்தான் என்று நினைக்கிறேன். தெரியாது, வராது என்ற வார்த்தைகளை போர் போடும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் அதையே நாள் முழுக்கச் சொல்லி வாய் வைத்துவிட்டேன். வழியனுப்ப அண்ணன் வரவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, "ஏதோ ஒரு எடத்தச் சொல்லிட்டுப் போயிருக்கலாமல்ல கண்ணு" என்றாள்.

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

"பொய்யின்னு உனக்கு மட்டுந்தான தெரியும்."

கோயம்புத்தூர் விமான நிலையம் வரைக்கும் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். அம்மா சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கல்லை எடுத்து எங்காவது வைத்திருந்தால் தண்ணீர் வந்தால் நான் தெய்வம், வராவிட்டால் அண்ணனுடைய விதி. தேங்காய்க்காரர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள், யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை. நான் மட்டும் உண்மையைச் சொல்லிக் கெட்டுப்போனேன்.

இங்கே வந்து வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, கிளம்பும் முன்னால் மோட்டலில் இருக்கும்போது நங்கை ஒரு வீடியோ அனுப்பினாள். அங்கே இன்னும் விடியவில்லை, ரிக் வண்டியின் விளக்கு வெளிச்சம்தான். துளையிலிருந்து வெள்ளைப் புழுதி புகையாக எழும்புகிறது. ஆட்கள் முகத்தில் துண்டு கட்டி நிற்கிறார்கள். புழுதி கறுத்து, சேறாகி, திடீரென்று தண்ணீர். தென்னை உயரத்துக்கு. ரிக் வண்டியின் சத்தத்தையும் மீறி ஆட்கள் கத்துகிறார்கள். அம்மா நனைந்தபடி கும்பிடுகிறாள். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு நடுவில் நிற்கிறான், சின்ன வயதில் மழையில் நின்றதைப் போல. நான் மோட்டல் அறையில் தனியாக நின்று கை தட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை, அண்ணன் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்பதைத் தவிர.

உடனே கூப்பிட்டேன். அவனே எடுத்தான்.

"பாத்தியா பாப்பா?"

"பாத்தங்ண்ணா. ரொம்பச் சந்தோசமுங்ண்ணா."

"எங்க போட்டோம்னு தெரியுதா?"

"தெரியலீங்ண்ணா."

அவன் சிரித்தான். "இன்னமும் தெரியலீங்கறியே. மோட்டார் ரூமுக்கு மேக்கால, வேப்பமரத்துக்குக் கீழ. தெனமும் காத்தால வந்து நின்னயே, அந்த எடத்துலயேதான். நீ வந்ததுலருந்து நான் பாத்துட்டேதான் இருந்தேன். வேற எங்கயும் இப்படி நிக்கல நீ. அங்க மட்டும் அத்தன நேரம் நிப்பே, அப்பறம் அக்கட்டயும் இக்கட்டயும் ரண்டு எட்டு நடப்பே, மறுக்கா வந்து அங்கயே நிப்பே."

"அங்கதாங்ண்ணா போன் டவர் கெடச்சுது. எங்க மேனேசர்கிட்டப் பேசிட்டு நின்னேன். வேற எதுவும் இல்லீங்ண்ணா."

"செரி செரி. நீ வாயத் தொறக்காட்டியும் உன்ற காலு சொல்லிருச்சு. ரத்தம் உடுமா?"

அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் என்னை உடைத்தது. நான் செய்யாத துரோகத்தை அவன் மன்னித்துவிட்டான். ஊரில் இப்போது கதை முழுதாகிவிட்டது: எனக்குத் தெரியும், பங்குக்கு ஆசைப்பட்டு மறைத்தேன், ஆனாலும் உடம்பில் ஓடுவது அப்பன் ரத்தம், கால் காட்டிக் கொடுத்துவிட்டது. போர் பொய்த்திருந்தால்கூட ஒரு நாள் என்னை நம்பியிருப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டது, இனி எந்தக் காலத்திலும் நம்ப மாட்டார்கள். மறுத்துப் பேசினால் தண்ணீர் வந்த நாளில் அபசகுனம். "ஆமாங்ண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எதற்கு ஆமாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்குப் பறக்கும்போது எஞ்சின் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஆட ஆரம்பித்தது. ஆபத்தில்லை, ஆனாலும் ஓட்டிக்கொண்டிருக்கக்கூடாது. பின்னால் தொங்கும் கருவியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கிட்டத்தில் இருந்த ஒரு மாட்டுப் பண்ணையின் மண் ஓடுபாதையில் இறக்கினேன். இங்கே பண்ணைகள் எங்கள் தாலுகாவைவிடப் பெரியவை, ஆளுக்கொரு ஓடுபாதை வைத்திருப்பார்கள். நகரத்திலிருந்து மெக்கானிக் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஜோஷ் விமானத்தின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டான். பண்ணைக்காரர் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தார். வயதானவர், பெரிய தொப்பி, விமானத்தைச் சுற்றிக் கட்டிய கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன், சொல்லிப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டார். வீட்டு வராந்தாவுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, "ஒரு வாரமாக என் தலைக்கு மேல் சுற்றுகிறீர்கள். எனக்குத் தண்ணீர் கிடைத்ததா?" என்று கேட்டார். அவர் பண்ணையும் காய்ந்துதான் கிடந்தது. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

"எனக்குத் தெரியாது. நான் ஓட்டுவது மட்டும்தான்" என்றேன்.

"சரி" என்றார்.

நான் நிறுத்தவில்லை. கருவிதான் பதிவு செய்யும், நகரத்தில் கணக்குப் போடுவார்கள், படத்தை எனக்குக் காட்ட மாட்டார்கள், காட்டினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது என்று எடப்பாடியில் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் இவரிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் கொஞ்சம் திகைப்போடு பார்த்தார்.

"அதான் முதலிலேயே சொல்லிவிட்டீர்களே" என்றார். உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் வந்த தண்ணீர் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. எங்கள் மேட்டில் சில போர் சர்க்கரை மாதிரி இருக்கும், சிலதில் துவைத்தால் சோப்பு நுரைக்காது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. பண்ணை வீட்டு வைஃபையைக் கேட்டு வாங்கி அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினேன். "தண்ணி எப்புடிங்ண்ணா இருக்குது? உப்பா, நல்ல தண்ணியா?"

பதில் உடனே வந்தது. கூடவே ஒரு சிரிக்கிற முகம்.

"உனக்குத் தெரியாததா பாப்பா."

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். உப்புக் கரித்தது.